பெயரில்லாத பாத்திரம்

பாகம் பிரித்தபோது
அரசன் அஜினுக்குப் போனான்.
அரசி, வழக்கம்போல, ஸ்ரீஜாவுக்கு.
கோரஸ் பதினைந்து பேர்,
அதாவது கடைசி மூன்று பெஞ்சும்.
எனக்குத் தூதுவன்.
"நீதான் நிறுத்தி வாசிப்பே டெல்பின்"
என்றார் ஹெப்சிபா மேடம்.

அந்த நாடகத்தில்
அரண்மனை நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது.
தூதுவன் தூதுவன்தான்.
ஐந்தாம் காட்சியில் வருகிறான்,
எண்பத்து நான்கு வரி பேசுகிறான்,
போகிறான்.

கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து
அங்கிருந்து என் தலைக்குள் தமிழாகி இறங்க
மார்த்தாண்டம் பாலத்தில் பஸ் நின்ற
நாற்பது நிமிஷமும் போதவில்லை.
பக்கத்து சீட்டில் மரச்சீனிக்கிழங்கு மூட்டை.
அதன்மேல் புத்தகம்.
புத்தகத்தின்மேல் மண்.

சாவு மேடையில் நடக்கக் கூடாதாம்.
கத்தி உள்ளே, ரத்தம் உள்ளே,
வெளியே வாசலும் வார்த்தையும் மட்டும்.
'மரபு' என்று போர்டில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார் மேடம்.

வாசித்தேன்.
காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது,
இளவரசன் என்ன நிறத்தில் சால்வை போர்த்தியிருந்தான்,
பாலத்தில் யார் முதலில் கால் வைத்தது...
நாற்பது வரி தாண்டியும்
ஆள் இருக்கிறானா இல்லையா தெரியவில்லை.
பின்னாலிருந்து ரெனீஷ்:
"எளவு, செத்துப்போனாம்னு
ஒத்த வரியில சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே!"
வகுப்பு சிரித்தது. கோரஸும் சிரித்தது.
நானும்தான்.
விரல் மட்டும் நாற்பத்தொன்றாம் வரியில்
நின்றுகொண்டிருந்தது.

நான் ஏழாம் வகுப்பு அப்போது.
புயல் அடங்கி ஆறாம் நாள்.
ஐஸ் கம்பெனி சிலுவைப்பிச்சை அண்ணன்
எங்கள் வாசலில் பைக்கை விட்டு இறங்கினார்.
என்ஜினை அணைக்கவில்லை.
கொஞ்சம் தண்ணி கேட்டார்.
குடித்த சொம்பைத் திருப்பித் தராமல்
கையிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

கொச்சியில் எத்தனை வள்ளம் கரைசேர்ந்து கிடந்தது.
ஒன்றுக்கு நீலப் பெயின்ட், அணியத்தில் மாதா படம்.
வாடையாய்த் தொடங்கிக் கச்சானாய்த் திரும்பிய காற்று.
கடற்படைக்காரன் இந்தியில் கேட்ட கேள்வி,
தெரியாமல் இவர் முழித்தது,
ஒரு மலையாளத்து நர்ஸ் வந்து சொல்லிக் கொடுத்தது,
அவள் சொந்த ஊர் பாறசாலைக்குப் பக்கம் என்பது.

அம்மா குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அவர் பேசிக்கொண்டிருக்கும்வரை
எங்கள் அண்ணன் சாகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்
பதினைந்து பேருக்குக் குறையாது.
யாரும் விதியைப் பற்றி ஒன்றும் பாடவில்லை.
ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.
அல்போன்சா அக்கா மட்டும்
தன் வீட்டுப் பெயர் அந்த வாயில் வந்துவிடாமலிருக்க
பின்னால், பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் வந்தது:
தூதுவனின் பங்கு யாது? ஐந்து மதிப்பெண்.
கைடிலிருந்த மூன்றையும் எழுதினேன்.
கதையை நகர்த்துகிறான்.
கோரத்தை மறைக்கிறான்.
பார்ப்பவரின் கற்பனையைத் தூண்டுகிறான்.
நாலரை போட்டிருந்தார். அரை எதற்குக் குறைந்ததோ.

சொல்லி முடித்த பிறகு அவன் எங்கே போகிறான் மேடம்,
என்று கேட்டேன் ஒருநாள்.
புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள்
'போகிறான்' என்று மட்டும்தான் இருந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதை யாரும் எழுதலையே, டெல்பின்."
மணி அடித்தது.
அடுத்தது கணினிப் பாடம்.

சிலுவைப்பிச்சை அண்ணன்
சொம்பைப் படியில் வைத்தார்.
என்ஜினை அணைத்தார்.
வண்டியில் ஏறாமல்
மணலில் தள்ளிக்கொண்டே போய்
மூன்று வீடு தாண்டி
அல்போன்சா அக்கா வாசலில் நின்றார்.

அங்கேயும்
கொஞ்சம் தண்ணி கேட்டார்.